ஒரு பிள்ளைக்கு இரண்டு கிரீம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. உள்ளே ரெண்டு பேர் தூங்குகிறார்கள், சத்தமாகச் சொல்ல முடியாது. பிள்ளை பார்க்கிற வேலையில், வலி எங்கே என்று சொல்லத் தெரியாதவர்தான் முதலாளி. நீங்களும் பேம்பர்ஸ் மாற்றிய கையென்றால் நான் படப்போகும் பாடு உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

தெப்ராவ் பக்கம் எங்கள் தாமான் குடியிருப்பில் பல வருடமாக வீட்டிலேயே பிள்ளை பார்க்கிறேன். பெற்றவர்கள் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்குள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள், விளக்கு வைத்த பிறகு வந்து வாங்கிக்கொள்வார்கள். வாசலில் பேசக் கிடைப்பது ஒரு நிமிஷம். பாலத்தில் ஜாம் என்ற கவலையில் அதிலும் பாதி போய்விடும்.

காது மருந்து

தர்ஷனுக்கு ஒன்றரை வயது. அவன் அம்மா கவிதா அக்கரையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பிள்ளைக்குக் காதில் சீழ் வைத்து, கிளினிக்கில் பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ரோஸ் நிறத்தில் தண்ணி மருந்து. மூன்றாம் நாள் காது அடங்கியது, வயிறு ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தடவை தண்ணியாகப் போனான். நாலாம் நாள் தொடை இடுக்கெல்லாம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்துவிட்டது. உட்கார மாட்டேன் என்றான். நின்றே சோறு தின்றான், நின்றே விளையாடினான், அசந்தால் என் தோளில் குப்புற விழுந்து தூங்கினான். மூத்திரம் பட்டால் போதும், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுவான்.

அன்று சாயங்காலம் பிள்ளையை வாங்கிக்கொண்ட கவிதா, செருப்பில் கால் நுழைத்தவள், அப்படியே நின்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “ஆண்ட்டி, பகல்ல நேரத்துக்கு மாத்துறீங்கதானே?”

விற்க மாட்டேன்

எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய ஏச்சு கிடையாது. மறுநாள் எதிர்வீட்டு சரோஜா வேறு வந்து, கவிதா பெரிய ரோட்டு நர்சரியில் இடம் கேட்டு வைத்திருக்கிறாளாம் என்று சொன்னாள். நடக்கத் தெரியாத நாளிலிருந்து என் இடுப்பில் வளர்ந்தவன் அவன்.

காலையில் பிள்ளை வரும்போது அடியில் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும். அது என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு என் ரோஷம் அது. ஈர டிஷ்யூவால் ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் தேய்த்தெடுத்து, நான் எப்போதும் போடுகிற கிரீமைப் போட்டேன். மேலே பவுடரும் அடித்தேன். அப்படியும் சிவப்பு அடங்கவில்லை. இன்னும் பலமான கிரீமாக வாங்கலாம் என்று பிள்ளையைத் தள்ளுவண்டியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே பார்மசிக்குப் போனேன்.

அங்கே இருக்கிற சீனப் பெண் எனக்குப் பழக்கம். உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தாள். பெரிய சிவப்பைச் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள், மடிப்புக்குள்ளேயும் இருந்தன. வீட்டில் பழைய சொறி மருந்து கிடக்கிறது, அதைப் போடலாமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள். பணத்தை நீட்டியும் வாங்கவில்லை. இதற்கு நான் எதுவும் விற்க மாட்டேன், முதலில் டாக்டரைப் பார் என்று மலாயில் சொல்லி, வண்டியை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள்: “ஜும்பா டாக்டர் டுலு லா, ஆண்ட்டி.”

டாக்டரம்மா கேட்ட கேள்வி

கவிதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் எமர்ஜென்சி லீவு போட்டாள். மூன்று பேரும் போனோம். மருந்து காதில் இருந்த கிருமியோடு வயிற்றில் இருக்கும் நல்ல கிருமியையும் அடித்துவிட்டது, அந்தச் சந்தில் பூஞ்சை வளர்ந்துவிட்டது, தண்ணியாகப் போவது வேறு தோலை அரிக்கிறது என்றார் டாக்டரம்மா. அப்படியானால் காது மருந்தை நிறுத்திவிடலாமா என்றாள் கவிதா. நீங்களாக நிறுத்தக் கூடாது, மிச்ச நாளும் கொடுத்து முடியுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார்.

அப்புறம், இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். தினமும் ராத்திரி கெட்டியான வெள்ளைக் கிரீம் போட்டேன் என்றாள் கவிதா. அதைத் தினமும் காலையில் நான்தான் துடைத்தெடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் பவுடர் கட்டி கட்டியாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, நான் கழுவவே இல்லை என்று நினைத்து, அவளும் சாயங்காலம் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறாள். புண்ணான தோலை ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ரெண்டு பேரும் பாசத்தோடு உரித்திருக்கிறோம்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “பிள்ளைக்கு இருக்கிறது ஒரு பின்பக்கம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேற இடம் கிடைக்கலையா?”

யூனிபார்ம்

பூஞ்சைக்கு ஒரு கிரீம் மெல்லிசாக, அதன் மேல் கெட்டிக் கிரீம். அசிங்கப்பட்டால் அசிங்கத்தை மட்டும் வெறும் தண்ணியில் கழுவணும், கிரீமைச் சுரண்டக் கூடாது. துண்டால் ஒத்தி எடுக்கணும். வாசனை டிஷ்யூ, பவுடர் ரெண்டும் கூடாது. முடிந்த மட்டும் பேம்பர்ஸ் இல்லாமல் காற்றுப் படணும். கிரீம்கள் பிள்ளையின் பையிலேயே போய் வந்தன.

காற்றுப் படணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரையைத் துடைக்கப் போவது யார் என்று சொல்லவில்லை. ஹாலில் பிளாஸ்டிக் விரித்தேன். விரித்த இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் போனான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிறந்தமேனியாக நின்றவனைப் பார்த்துச் சிலிண்டரை இறக்கிவைத்தார். “என்ன ஆண்ட்டி, முதலாளி இன்னைக்கு யூனிபார்ம் போடலையா?”

வெள்ளிக்கிழமை

காது மருந்து முடிந்து வயிறும் அடங்கியது. புள்ளிகள் முதலில் மறைந்தன, பிறகு சிவப்பு வெளுத்தது. ஆறினாலும் சொன்ன நாள் வரைக்கும் கிரீம் போடணும் என்பது டாக்டர் உத்தரவு. வெள்ளிக்கிழமை கவிதா சீக்கிரமே வந்தாள். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, கேட்காமலே தரையில் உட்கார்ந்தாள். மகனின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“நர்சரியில வேணாம்னு சொல்லிட்டேன் ஆண்ட்டி. இனிமே எது போட்டாலும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவோம்.”

சரி என்று சொன்ன வாய் மூடுவதற்குள், நீயே போடு, இல்லை நீங்களே போடுங்க என்று கிரீமை வைத்து நாங்கள் மறுபடியும் இழுத்துக்கொண்டிருக்க, மூன்று பேரில் புத்தியுள்ளவன் அந்த ட்யூபைப் பிடுங்கித் தரையில் வைத்து, இத்தனை நாளில் முதல் தடவையாக, அதன் மேலேயே சப்பென்று உட்கார்ந்துகொண்டான்.