டாக்டர் கோமதி வாங்கிக்கொண்ட நலங்கு

ஞாயிற்றுக்கிழமை காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது டாக்டரின் தம்பி அழைத்தார். "அக்கா தூக்கத்திலயே போயிட்டாங்க, ராஜி." மீனை வெட்டவா வேண்டாமா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாள் மாலைதான் டாக்டர் "திங்கக்கெழம சீக்கிரம் வா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்த டாக்டர் கோமதியின் தோல் கிளினிக்குக்கு வந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். முன்மேசையில் உட்கார்ந்து உங்கள் பெயரைக் கூப்பிட்டவள் நான். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் நம்மில் குறைவு. மருந்து தடவி மேல்தோலை உரியவைக்கும் கெமிக்கல் பீல் செய்துகொள்ள வருகிறவர்கள், தங்களை வெள்ளையாக்கிவிடச் சொல்வார்கள். "நிறத்த மாத்த நான் பெயிண்ட் கடையா வெச்சிருக்கேன்? தழும்பு கொறையும், அவ்வளவுதான்லா" என்பார். அனுப்பும்போது மறக்காமல் சொல்வார்: "உரியுற தோல இழுக்காதீங்க. வெயில்ல அலையாதீங்க. ஆறுறதுக்குப் பொறுமை உங்ககிட்டதான் இருக்கு." நம் தோலில் அவசரப்பட்டுத் தேய்த்தால் கருமை மாதக்கணக்கில் நிற்கும் என்பது அவர் கவலை.

அதனால்தான் கல்யாணம் நெருங்கிய பெண்களுக்கு அவர் பீல் செய்யமாட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்த வாணி அதைத் தெரிந்துகொண்டே கல்யாணத் தேதியை மறைத்துப் பீல் செய்துகொண்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் அவளுடைய பருத் தழும்பைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். முகம் சிவந்து உரிந்துகொண்டிருக்கும்போது அழுதுகொண்டே அழைத்தாள். "நாளைக்கு நலங்கு டாக்டர். மஞ்சள் பூசியே ஆகணும்னு பெரியம்மா சொல்றாங்க. எனக்கு இப்பவே எரியுது."

நான் கோபப்பட்டேன். டாக்டர், "திட்டுறத கல்யாணத்துக்கப்புறம் வெச்சிக்கலாம்" என்றார். மறுநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து வாணி வீட்டுக்குப் போனார்.

வீடு நிறைய பெண்கள். டாக்டர் பெரியம்மாவிடம் பொறுமையாகவே சொன்னார். "கையில பூசுங்க, கால்ல பூசுங்க. முகத்துல புதுத் தோல் வருதும்மா. இப்ப தேய்ச்சா மணவறையில கறுப்பு கறுப்பாத் தெரியும்."

"முகத்துல வெக்காம என்ன நலங்கு டாக்டர்? பொண்ணுக்கு ஆகாதும்மா" என்றார் பெரியம்மா. அவர் பிடிவாதக்காரர் இல்லை, பயந்திருந்தார். வாணியின் கண்கள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தன.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அவ முகத்துக்கு உள்ளத என் முகத்துல பூசுங்க. கணக்கு சரியாப் போயிடும்."

அறுபதைத் தாண்டியவர், கல்யாணமே செய்துகொள்ளாதவர். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெரியம்மாதான் முதலில் சிரித்தார், மஞ்சளை எடுத்து டாக்டரின் இரண்டு கன்னத்திலும் பூசினார். அதன்பின் வரிசையாக எல்லாரும் பூசினார்கள். வாணி அழுகையை மறந்து சிரித்தாள். மணவறையில் அவள் முகம் தெளிவாக இருந்தது, தழும்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

திங்கட்கிழமை இறுதிச் சடங்கில் டாக்டரைக் குளிப்பாட்ட மஞ்சள் கரைத்தபோது வாணி வந்து நின்றாள். "முகத்துக்கு நான் பூசுறேன். அன்னிக்கு எனக்கு வர வேண்டியத அவங்கதானே வாங்கிக்கிட்டாங்க" என்றாள். உறவுக்காரர்கள் விலகி இடம் விட்டார்கள். வலிக்குமோ என்பதுபோல மெல்லப் பூசினாள். அதுவரை அடக்கிவைத்திருந்தேன், அப்போதுதான் அழுதேன்.

என் நினைவில் நிற்கும் டாக்டர் வேறு. அன்று வாணியின் நலங்கு முடிந்து திரும்பும்போது காரில் டிஷ்யூவை நீட்டினேன். "இருக்கட்டும்லா ராஜி. இந்த வயசுல எனக்கும் ஒரு நலங்கு" என்று சிரித்தார். வெயிலில் முகத்தைக் காட்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், சாய்ந்த வெயில் நேராக முகத்தில் விழ, மஞ்சளோடு ஓட்டிக்கொண்டு வந்தார். பாலம் முடிந்து தீவுக்குள் நுழையும்வரை அதைத் துடைக்கவே இல்லை.