விண்கலத்தாருடன் சீட்டாட்டம்

என் கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு டயாலிசிஸுக்காகப் போய்வரத் தொடங்கினோம். திங்களும் வியாழனும். காலையில் முதல் பேருந்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்த கட்டில், பிற்பகலில் வீடு. அவர் தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கிளை நூலகத்தில் நூலகராக இருந்தவள். இருவருக்கும் வேறு அவசரம் ஏதும் இல்லாததால், இந்த ஏற்பாடு நாங்கள் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை என்றே நான் நினைத்திருந்தேன்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள், இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். போதும்."

நிறுத்தினால் எத்தனை நாள் தாங்கும் என்பதை மருத்துவர் எங்கள் இருவரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆகவே அவர் எதைச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லப்போகிறார் என்பதும் சில வாரங்களாகவே தெரிந்திருந்தது. பதிலையும் முடிவு செய்து வைத்திருந்தேன். ஊசி ஏறுவது அவர் கையில். துணைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமை கிடையாது என்று எண்ணினேன்.

"உங்க இஷ்டம்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு இன்னொரு இட்லி கேட்டார்.

டயாலிசிஸ் அறையில் எங்கள் பக்கம் மூன்று கட்டில்கள். முதல் கட்டிலில், காஞ்சிபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைத்தோம். முன்பு முகவாதம் வந்ததில் அவருடைய முகத்தின் ஒரு பக்கம் அசையாது. மறுபக்கத்தையும் அதற்குத் துணையாக அசைக்காமல் வைத்திருக்கப் பழகிவிட்டார். நடுக் கட்டில் என் கணவருடையது. மூன்றாவது கட்டிலில் தாமலைச் சேர்ந்த ஓர் அம்மாள். நடவுக்குப் பெண்களைத் திரட்டி அழைத்துப்போகும் மேஸ்திரியாக இருந்தவர். நாற்பது பேரில் யார் எந்த வரப்பிலிருந்து இறங்கினார்கள் என்பதை ஒரு வாரம் கழித்தும் பிசகாமல் சொல்லக்கூடியவர்.

சுவரில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. மற்ற நோயாளிகளுக்குத் தொந்தரவு என்று ஒலியை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாங்கள் இருக்கும் நேரத்தில் அதில் ஒரு விண்வெளித் தொடர் ஓடும். ஒரு கப்பல், அதில் பல கிரகங்களைச் சேர்ந்த மாலுமிகள். நாட்கணக்கில் ஓசையில்லாமல் பார்த்ததில், கதையை நாங்களே சொல்லிக்கொள்ளத் தொடங்கினோம். அதில் வரும் ஒரு பச்சைத் தோல்காரிக்கு மேஸ்திரியம்மாதான் குரல் கொடுப்பார்: "இன்னாடா இது, கப்பல ஓட்டுறியா, கட்டை வண்டி ஓட்டுறியா?" வேலை ஓய்ந்ததும் அந்த மாலுமிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுவார்கள். அது போக்கர் என்று அங்கிருந்த நர்ஸ்தான் சொன்னாள். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில் மறைவாக, ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக நடுவில். கையில் ஒன்றும் இல்லாதவனும் பந்தயத்தை ஏற்றி, மற்றவர்களைப் பயமுறுத்தி விலகச் செய்யலாம்.

"அப்ப பொய் சொல்றவன்தான் ஜெயிப்பான்" என்றார் பாய். "நமக்குத் தெரிஞ்ச தொழிலுதான். ஆடலாம்."

காசு வைத்து ஆடுவதற்கில்லை. புளியங்கொட்டை வைத்து ஆடினோம். இயந்திரக் குழாய் பொருத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால், அவர்கள் மூவருக்கும் ஒற்றைக் கைதான். துணி துவைக்கும் பிரஷ் மூன்று வாங்கி, ஒவ்வொரு கட்டில் பலகையிலும் கவிழ்த்துப் போடாமல் நிமிர்த்தி வைத்தேன். பிரஷ் முட்களுக்கிடையே சீட்டு அழகாகச் செருகி நின்றது. மருந்து வண்டியை நடுவில் இழுத்துப் போட்டு, பொதுச் சீட்டுகளை அதன் மேல் விரித்தேன். மூன்று பேர் ஆட்டம் சுவைக்காததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆடத் தொடங்கிய சில நாட்களிலேயே ஆளுக்கொரு கிரகம் அமைந்துவிட்டது. பாய் கல்முகக்காரர். மேஸ்திரியம்மா, விழுந்த சீட்டையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் இயந்திர மனுஷி. என் கணவர் தன்னை மனதைப் படிப்பவர் என்று அறிவித்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது சாதாரண மனித இனம்.

"லைப்ரரிம்மாவுக்கு ஒரு சக்தியும் இல்ல, பாவம்" என்றார் மேஸ்திரியம்மா. "ஒரு சீட்டு கூடப் போட்டுக்கட்டும்."

"அதெல்லாம் முடியாது" என்றார் பாய். "மனுசனாப் பொறந்தது அவங்க தப்பு."

என் கணவர் அநியாயமாக ஜெயித்துக்கொண்டிருந்தார். பாய் பொய்யாக ஏற்றினால் உடனே ஏற்றுவார். உண்மையாக ஏற்றினால் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார். கல்லாக இருந்த அந்த முகத்தை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அது எப்படி என்று இரண்டு வாரம் குழம்பினோம். கடைசியில் மேஸ்திரியம்மாதான் கண்டுபிடித்தார்.

"யோவ் பாய்! சார் கண்ணு உன் மூஞ்சி மேல இல்லய்யா. உன் தலைக்கு மேல கீற டப்பா மேல கீது!"

ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே நாடித்துடிப்பைக் காட்டும் ஒரு திரை இருந்தது. நீட்டிவைத்த கையின் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து எண் அதில் ஏறும். பொய் சொல்லும்போது பாயின் எண் எழுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போயிற்று. அத்தனை தூரத்திலிருந்து அந்தச் சிறு எழுத்தைப் படிப்பது எங்களில் யாருக்கும் இயலாது. முப்பத்திரண்டு வருடம் வயல்வெளியில் அளவுகோலின் எண்ணைத் தொலைவிலிருந்து படித்த கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"ஏமாத்து வேலை!" என்று பாய் கத்தினார். "இத்தினி நாளா என் நெஞ்ச எட்டிப் பாத்துக்கினு இருந்திருக்காரு!"

"என் இனத்துக்கு இயற்கையா வந்த சக்தி" என்றார் என் கணவர்.

திரையைத் திருப்பிவைக்க நர்ஸ் சம்மதிக்கவில்லை. ஆகவே எல்லாரும் எல்லாருடைய எண்ணையும் கேட்கலாம், அவள் உரக்கப் படித்துச் சொல்லுவாள் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு மூவராலும் பொய் சொல்ல முடியாமற்போனது. கொட்டைகள் வரிசையாக என்னிடம் வந்து சேர்ந்தன. நான் ஏற்றினால், அது உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியே இல்லை. நான் சாதாரணமாக உட்கார்ந்திருந்தேன். என் தலைக்கு மேல் எதுவும் இல்லை.

மாதத்தின் கடைசி வியாழனன்று அதைக் கவனித்தவர் என் கணவர்தான். இனி ஒரு திங்கட்கிழமைதான் பாக்கி. அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"பாய், நம்மள்ல யாருக்குப் பெரிய சக்தி தெரியுமா?" என்று என்னைக் காட்டினார். "இவளுக்குத்தான். டப்பாவே இல்லாத இனம்."

"ஆமாம்பா! சிஸ்டர், அவங்களுக்கும் ஒண்ணு மாட்டு!" என்றார் பாய்.

நர்ஸ் சிரித்தபடி மேசை இழுப்பறையிலிருந்து, கொரோனா நாட்களில் எல்லார் வீட்டிலும் இருந்த, நாடி பார்க்கும் அந்தச் சிறு கருவியை எடுத்துவந்து என் விரலில் மாட்டி, எண் கட்டில்களின் பக்கம் தெரியுமாறு என் கையைத் திருப்பி வைத்தாள். எனக்கு வந்தவை இரண்டு இராணிகள். பத்துக் கொட்டை ஏற்றினேன். பாயும் மேஸ்திரியம்மாவும் விலகிக்கொண்டார்கள். என் கணவர் சீட்டைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார்.

"எழுபத்தாறு" என்றார். பிறகு அதே குரலில், "திங்கக்கிழமைக்கு அப்புறம் நான் வரப்போறதில்ல. உனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார்.

மற்ற இருவரும் திரும்பினார்கள்.

"உங்க இஷ்டம்னு அன்னிக்கே சொன்னேனே" என்றேன்.

"எண்பத்தெட்டு." நிலம் அளக்கையில் சங்கிலி பிடிக்கும் ஆளுக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். "தொண்ணூத்தேழு. நூத்திப் பத்து."

"மேடம் கையில ஒண்ணும் இல்ல சார்!" என்றார் பாய். "ஏத்துங்க, ஏத்துங்க!"

"நீ கொஞ்சம் சும்மா கீறியா பாய்" என்றார் மேஸ்திரியம்மா.

"நூத்தி இருபத்திரண்டு" என்று முடித்தார் என் கணவர். அதன்பின் எண் படிக்கவில்லை. கருவியைக் கழற்றி மருந்து வண்டியின் மேல் வைத்தேன். என் முகத்தில் மாற்றம் ஏதும் இருந்திராது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"இத்தினி நாளா பொய்யா சொல்லிக்கினு இருந்த?" என்றார் என் கணவர்.

"பொய் இல்லீங்க. உங்களுக்கு வலிக்குது. நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

"எனக்கு வலிக்கறது எனக்குத் தெரியும். நீ அதைச் சொல்ல வேணாம்." இப்போது என் முகத்தைப் பார்த்தார். "பேருந்துல ஏறி இறங்கி ஏறி இறங்கி, உனக்குச் சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அன்னிக்கு ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லல. மறுபடியும் இட்லி எடுக்கப் போயிட்ட."

இவ்வளவு காலம் அமைதியைப் பண்பு என்று வளர்த்துவந்தவள் நான். நூலகத்தில் யார் எரிந்து விழுந்தாலும் முகம் கோணாமல் இருந்ததற்காகப் பெயரெடுத்தவள். அந்த முகத்தைப் பார்த்து, விட்டால் போதும் என்று நான் காத்திருப்பதாக ஒரு மனிதர் கணக்கிட்டிருக்கிறார். அந்தக் கணக்கின் மேல் சாகவும் தீர்மானித்திருக்கிறார். அவர் எனக்கு விடுதலை கொடுக்க நினைத்தார், நான் அவருக்கு. இருவரும் மரியாதையாகவே நடந்துகொண்டோம்.

"வராதீங்கன்னு நான் சொல்லல" என்றேன். "வாங்க. எனக்குச் சலிக்கல."

நர்ஸ் அருகில் வந்து குழாயைச் சரிபார்த்தாள். "சிஸ்டர், அடுத்த மாசத்துக்கு எங்க பேரை எழுதிக்கோ" என்றார் அவர்.

"அது எப்பவோ எழுதியாச்சு, சார்" என்றாள் அவள்.

பாய்க்கு நடந்தது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அசையாத அந்த முகத்தோடு, "ஆட்டம் முடியல. மேடம் சீட்ட காட்டணும்" என்றார். காட்டினேன். இரண்டு இராணிகளையும் பார்த்துவிட்டு, "பேஜாரான மனுச ஜாதி" என்று முனகினார்.

அதன் பிறகும் என் கணவர் இருமுறை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவை மோசமான நாட்கள். ஒருமுறை இயந்திரத்திலிருந்து இறங்கியதும் மயங்கியே விழுந்தார். இருமுறையும், "அதெல்லாம் முடியாது, கிளம்புங்க" என்று சொல்லிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். என்னைத் திட்டிக்கொண்டே கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினார்.