பச்சைக்குச் சொன்ன பதில்

நல்லம்பள்ளிப் பக்கத்து நூற்பாலையில் சின்னப்பனுக்கு வேலையே பார்ப்பதுதான். ஆள் எதைப் பார்க்கிறான், பார்த்ததும் கை எங்கே போகிறது என்று பின்னால் நின்று கவனிப்பார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. நூல் சுற்றும் பகுதியில் கிடந்து, பார்த்துப் பார்த்தே பழகியது. "உளவாளி வந்துட்டாரு, ஒழுங்கா நில்லுங்கடா" என்று ஆட்கள் கிண்டலடிப்பார்கள்.

எண்பத்தாறில் மின்னறைக்குப் புதுப் பலகை வந்தது. எந்த மெஷினுக்குக் கரண்ட் போகிறது என்பதை அதிலுள்ள விளக்குகள் காட்டும். திங்கட்கிழமை முதலாளி வந்து திறப்பதாக ஏற்பாடு. அதற்குள் சோதித்துக் கையெழுத்துப் போடச் சின்னப்பனிடம் சொல்லியிருந்தார் மேனேஜர் குப்புராஜ்.

மெஷின்களோடு இணைக்காமல் விளக்குகளை மட்டும் எரியவிட்டு, மின்னறை ஆள் மாதப்பனைப் பலகை முன் உட்கார வைத்தார் சின்னப்பன்.

"தப்பாச் சொன்னா வூட்டுக்கு அனுப்பிருவீங்களா?"

"சோதனை பலகைக்குங்கண்ணா, உங்களுக்கில்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"மூணாம் மெஷின்ல பழுது பாக்க கருப்பண்ணன் கை வெக்கப் போறான். வெக்கலாமா?"

மாதப்பன் பார்த்தார். பச்சை. "வெக்கச் சொல்லுங்க."

அது தப்பான பதில். பழைய பலகையில் சிவப்பு எரிந்தால் கரண்ட் உண்டு, தொடாதே. பச்சை என்றால் நிறுத்தியாயிற்று. புதிதைச் செய்தவர்களோ ஓடுவதற்குப் பச்சை வைத்திருந்தார்கள். அடுத்த ஷிப்டு முனியப்பனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவரும் "வெக்கட்டும்" என்றார்.

"ரெண்டு பேரு பேரையும் எழுதிக் குடுய்யா. வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார் விஷயத்தைக் கேட்ட குப்புராஜ். வாசலில் நின்ற மாதப்பனின் முகம் வெளுத்தது.

"பேர் எழுத மாட்டனுங்க சார். புது ஆள் வந்தாலும் பழைய பலகையில பழகுனவனாத்தான் இருப்பான். விளக்கை மாத்தணும்."

"திங்கக்கிழமை முதலாளி வராரு. கையெழுத்துப் போடறியா, உன் வேலைய உடறியா?"

சின்னப்பன் சோதனைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். "நீங்களே போடுங்க சார். நாளைக்குக் கருப்பண்ணன் கை வெச்சா, நீங்க பதில் சொல்லிக்கங்க."

குப்புராஜ் பேனாவை எடுத்தார். முனை தாளில் படவில்லை. கடைசியில் பேனாவை வீசிவிட்டு, "விளக்கு மூடியக் கழட்டி மாத்தித் தொலைங்கடா!" என்று கத்தினார்.

சிவப்பு மூடியும் பச்சை மூடியும் இடம் மாறின. மாதப்பன் மறுபடி உட்கார்ந்தார். அதே கேள்வி. வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சிவப்புங்க. தொட வேண்டாம்."

குப்புராஜ் தாளை நீட்டினார். சின்னப்பன் வாங்கவில்லை.

"இருங்க சார். முனியப்பனையும் கேட்டுறலாம்."