காயாத கிரீடம்

கல்யாணப் பத்திரிகைகளை எங்கள் வீட்டில் தூக்கிப் போடுவதில்லை. அலமாரியில் ஒரு கட்டே சேர்ந்து கிடந்தது. கெட்டி அட்டை, தங்க நிற எழுத்து, ஓரத்தில் சரிகை போல வேலைப்பாடு. முருகன் கிரீடத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கத்திரிக்கோலோடு உட்கார்ந்தேன்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. இரண்டாம் வகுப்பு. போன வருஷம் ரோஜாப்பூ வேஷத்தில் மேடையேறியவள், மைக்கைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். டீச்சர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதிலிருந்து வகுப்பில் கேள்வி கேட்டால்கூட வாயைத் திறப்பதில்லை. இந்த வருஷம் என்ன நினைத்தாளோ, அவளே கையைத் தூக்கி முருகன் வேஷத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். மறுபடியும் அழுதுவிட்டால் ஜென்மத்துக்கும் மேடைப் பக்கம் போக மாட்டாளே என்று எனக்குத்தான் பயம்.

மனைவி இரண்டாவது பிரசவத்துக்காகப் பழனியில், தன் அம்மா வீட்டில் இருந்தாள். "வத்தலக்குண்டுல நாடக சாமான் கடை இருக்குல்ல, வாடகைக்கு எடுத்துருங்க. உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றாள் போனில்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், என் கை என்ன வெளங்காத கையா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனை வைத்தேன்.

கொடைக்கானல் மலைமேல் வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அறைகளைக் கூட்டும்போது கிடைத்ததையெல்லாம் பொறுக்கினேன். பிஸ்தா ஓடுகளுக்குத் தங்க வண்ணம் பூசி அட்டையில் வரிசையாக ஒட்டினால் ஆரம். பழைய பிளாஸ்டிக் திரைச்சீலை வளையங்கள் குண்டலம். காலி மாத்திரை அட்டையின் குமிழுக்குள் சிவப்புத் துணியைத் திணித்தால் அசல் கெம்புக் கல்தான், போங்கள். எல்லாவற்றையும் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். சின்ன வயதில் வத்தலக்குண்டில் போஸ்டர் ஒட்டிய கை இது. கீழே அந்த ஊர் வெயிலில் ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும்.

இங்கே காயவில்லை. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தொட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்றது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்கு நடுவில் ஓடி ஓடி வந்து தொட்டுப் பார்த்தேன். தொட்டுத் தொட்டே பாதிக் கல்லை உதிர்த்தேன்.

"ஏப்பா, என் யூனிபார்மே காயாமக் கெடக்கு. இது காயுமா?" என்றாள் மகள்.

"வாய மூடிக்கிட்டு வசனத்தச் சொல்லிப் பாருடி!"

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று அவள் திருதிருவென விழித்தாள். விடுதியின் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். ஒரு குண்டலம் உருகிக் கோணிக்கொண்டதுதான் மிச்சம்.

போட்டியன்று வெள்ளனே ஜீப் பிடித்துக் கொடைக்கானல் போனோம். வழியெல்லாம் அவள் தலையில் கிரீடத்தை ஒரு கையால் பிடித்தபடியே வந்தேன். அவள் மேடையேறியதும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். "சார், பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது" என்றார் ஒரு டீச்சர்.

"நான்தான் முருகன். உலகத்தைச் சுற்றி வந்தேன்" என்று ஆரம்பித்தாள். கோணல் குண்டலம் விழுந்தது. பிஸ்தா ஓடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து மேடையில் உருண்டன. முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். கீழுதடு துடித்தது. எனக்கு அந்த உதடு தெரியும். அவ்வளவுதான், போச்சு, தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம் என்று மேடையை நோக்கி ஓடினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் பார்த்தாள்.

"ஆனா பழத்த எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டாங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. நகையெல்லாம் கழட்டிப் போட்டுட்டேன்!"

கடைசி வரி வசனத்தில் இல்லை. பழனி மலையில் ராஜ அலங்காரமும் பார்த்தவள், கோவணத்தோடு தண்டூன்றி நிற்கும் ஆண்டிக் கோலமும் பார்த்தவள் அவள். தொங்கிக்கொண்டிருந்த ஆரத்தைப் பிய்த்து எறிந்தாள். இரண்டு கையாலும் கிரீடத்தைக் கழற்றி வீசினாள். "இனிமே நான் பழனி ஆண்டி!" என்று கையில் பிடித்திருந்த வேலைத் தரையில் ஊன்றி நின்றாள்.

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. கிரீடம் என் காலடியில் வந்து விழுந்தது. அடிப்பாவி, அத்தனை நாள் பாடுபட்டேனே என்று ஒரு நொடி நெஞ்சு வலித்தது உண்மைதான். குனிந்து எடுத்தேன். பசை அப்போதும் காயவில்லை, விரலோடு ஒட்டிக்கொண்டது.

வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டேன்.

"நகையெல்லாம் தங்குச்சாங்க?"

"ஒண்ணுகூடத் தங்கல."

"அய்யய்யோ! புள்ள அழுதாளா?"

"இல்ல" என்றேன். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"இங்க குடுப்பா" என்று மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, நான்தான் முருகன்" என்று முதலிலிருந்து தொடங்கினாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.