எல்லார் தாளிலும் ஒரே இலை

அவளுக்கு ‘இலையக்கா’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் அறிவியல் ஆசிரியர்கள். அவளும் முன்பு ஆசிரியைதான். “டீச்சர், இலை வெயில்ல மாவுச்சத்து செய்யறதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?” என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டுவிட்டாள். பார்த்ததில்லை. அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததில் வேலையை விட்டு, ஆசிரியர்களுக்குச் செடிகளை வைத்துச் செய்முறைப் பயிற்சி நடத்தக் கிளம்பினாள்.

இன்றைக்குப் பின்வரிசையில் கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார். இதற்கெல்லாம் வீடியோ போதும் என்பது அவர் கட்சி. பயிற்சி தொடர்வதும் மூட்டை கட்டுவதும் அவர் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது.

சோதனை எளியது. செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால் இலையில் சேர்ந்த மாவுச்சத்து தீர்ந்துவிடும். பிறகு இலையின் நடுவே கறுப்புக் காகிதம் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். ஸ்பிரிட்டில் பச்சையைப் போக்கி அயோடின் விட்டால் வெயில் பட்ட இடம் கறுக்கும், மூடிய இடம் கறுக்காது.

காலையில் சுற்றிய காகிதங்களைப் பிரித்து, இலைகள் ஸ்பிரிட்டில் வெளுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. கணவர்.

“ஏம்மா, சொல்ல மறந்துட்டேன். உன் செடிங்க அலமாரிக்குள்ள வாடிக் கெடந்துச்சா, பாவமா இருந்துச்சு. ரெண்டு நாளும் நீ கெளம்பினதும் மாடி வெயில்ல வெச்சு, நீ வர்றதுக்குள்ள உள்ள வெச்சுட்டேன். இப்ப செழிப்பா இருக்கா?”

அவள் வெளுக்கும் இலைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரொம்பச் செழிப்பா இருக்குங்க” என்று வைத்துவிட்டாள்.

அயோடின் விழுந்தது. தட்டுக்குத் தட்டு இலைகள் முழுசாகக் கறுத்தன. காகிதம் சுற்றிய இடம் தேடினாலும் தெரியவில்லை. இதோ கேட்கப்போகிறார்கள், இதோ கேட்கப்போகிறார்கள் என்று நின்றாள். யாரும் கேட்கவில்லை. தட்டில் கண்டதை வரைய ஆசிரியர்களின் பென்சில்கள் ஓடின. எட்டிப் பார்த்தாள். எல்லார் தாளிலும் நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட அழகான இலை. பாடப்புத்தகத்து இலை.

“சரியா வந்துடுச்சா?” என்றார் அதிகாரி.

“வந்துடுச்சு சார்!” என்றார்கள் ஆசிரியர்கள்.

அவர் முகம் மலர்ந்தது. வாயை மூடிக்கொண்டால் பயிற்சி பிழைத்துவிடும்.

“வரலை சார். தாளை விட்டுட்டுத் தட்டைப் பாருங்க எல்லாரும்.”

எல்லாரும் தட்டின் மேல் குனிந்தார்கள். மீசைக்கார ஆசிரியர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “வருஷக்கணக்கா வெள்ளைன்னே சொல்லிக்குடுத்துட்டோம். இலை வேற மாதிரி சொன்னா நாங்க எங்க கேக்கப் போறோம், அக்கா?”

சிரிப்பினூடே பக்கத்து மேசை அம்மா இலையைத் தூக்கிப் பிடித்தாள். “அப்ப மூடின இடத்துல மாவுச்சத்து எங்கேருந்து வந்துச்சு?”

“நேத்து வெயில்ல செஞ்ச சரக்கு. தீரவே இல்லை” என்ற இலையக்கா, கணவரின் கருணையைச் சொல்லி முடித்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. “அப்போ சோதனை தோல்வின்னு எழுதட்டுமா?”

“எழுதுங்க சார்.”

அவர் எழுந்து வந்து ஒரு தட்டை வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் கிடந்த படத்தையும் பார்த்தார். பேனாவை மூடினார்.

“செடி மறுபடி எப்பத் தயாராகும்?”

“நாளன்னிக்கு.”

“அறிக்கையும் நாளன்னிக்குத்தான். செடியை இந்த பீரோவுலயே வெச்சுப் பூட்டுங்க” என்று கையை நீட்டினார். “சாவி எங்கிட்ட இருக்கட்டும்மா. உங்க வீட்டுக்காரரை நம்பறதுக்கில்லை.”