பாறைக்குக் கீழே ஒரு குரல்

அமீருதீனைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் ஒல்லி, உயரமும் கம்மி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரைக் காட்டி, "யாரு மிஸ் இவரு, சமையல் மாஸ்டரா?" என்று என்னிடம் கேட்பார்கள். அன்று மதியமே பாறை உச்சியில் கால் நடுங்கி நிற்கும்போது அந்தச் சமையல் மாஸ்டரின் குரல்தான் அவர்களைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, பாறைக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் முகாம். பிள்ளைகள் வந்து கூடாரத்தில் தங்கி, காடு மேடெல்லாம் நடந்து, தாங்களே சமைத்துத் தின்று, பாறை ஏறி இறங்கிவிட்டுப் போவார்கள். மழை விட்டு மார்கழி பிறந்தால் சீசன் ஆரம்பம். மாசி முடியும்போது பாறை தோசைக்கல்லாகிவிடும், நாங்களும் கடையைக் கட்டிவிடுவோம். மிச்ச மாதங்களில் ஆளுக்கொரு பிழைப்பு. நான் கண்டமங்கலத்துக்காரி, கலைப்பிரியா. விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக விளையாட்டு ஆசிரியை. எங்களோடு இருக்கும் ஜெகதீசன் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவன். அமீர் பாய் கோட்டக்குப்பத்தில் மச்சானின் செருப்புக் கடையில் உட்காருவார். "அங்க உக்காந்தா காலு மட்டுந்தாம்மா தெரியுது. இங்க வந்தாத்தான் மனுசன் மூஞ்சி தெரியுது" என்பார்.

அதற்கு முன்னால் அவர் வளைகுடாவில் இருந்தார். வானத்தைத் தொடும் கட்டடங்களின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி கழுவும் வேலை. உள்ளே ஏசியில் ஒருவன் காபி குடித்துக்கொண்டிருப்பான். வெளியே இவர் அவன் மூஞ்சிக்கு நேராகச் சோப்பு போட்டுக்கொண்டிருப்பார். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவரை, கயிறு தெரிந்த ஆள் என்று கேள்விப்பட்டு எங்கள் முகாம் முதலாளி தேடிப் பிடித்து வந்தார்.

பாறை இறக்கத்தில் எங்கள் வேலை இப்படி. பிள்ளைகள் பின்பக்கப் பாதை வழியாக உச்சிக்கு வருவார்கள். அங்கே நான் அவர்களின் இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டிவிடுவேன். கயிறு மேலே ஒரு வளையத்தில் நுழைந்து கீழே அமீர் பாய் கைக்குப் போகும். பிள்ளை முதுகைக் காற்றில் சாய்த்துப் பாறையில் காலூன்றி இறங்க இறங்க, அவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். கயிற்றைவிட அதிகமாகக் குரலை விடுவார்.

"கீழ பாக்காத கண்ணு. என்னையும் பாக்காத. என் குரல மட்டும் புடிச்சிக்கோ. வலது காலு... ஆங். இப்ப இடது. ஜல்தி ஒண்ணும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

கத்தவே மாட்டார். ஆனாலும் உச்சியில் நிற்கும் எனக்கு அது காதருகே கேட்கும். மாட்டேன் என்று என் கையைப் பிறாண்டிய பிள்ளைகளெல்லாம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இறங்கிப் போயிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"எம் பொண்ண வளத்ததே இப்படித்தாம்மா" என்றார்.

மகள் நிலோஃபர் தவழும் வயதில் அவர் விமானம் ஏறினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மற்றபடி எல்லாம் போனில்தான். காலையில் எழுப்புவது, வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது, சண்டை பிடித்துப் பால் குடிக்க வைப்பது. சோற்றுத் தட்டுக்கு எதிரே தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைப்பாராம் அவர் மனைவி ஜுலைகா. அங்கிருந்து இவர் "இன்னொரு வாய், இன்னொரு வாய்" என்று ஊட்டுவாராம். "பாய், நீங்க பொண்ணப் பெத்தது செல்போன் டவருக்குத்தான்" என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்கு அதில் பெருமைதான். பக்கத்தில் இருந்தால்தான் தகப்பனா, குரல் போதாதா என்பது அவர் கட்சி.

ஆனால் ஊரோடு வந்து சேர்ந்த பிறகு ஒரு வினோதம் நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண், வீட்டில் அவரோடு பேசுவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். "உம்மா, வாப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பாள் தாயிடம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் இந்தக் கூத்து. திங்கட்கிழமை சாயங்காலம் முகாமிலிருந்து இவர் போன் போட்டால் அதே பெண் பள்ளிக்கூடக் கதை, தோழி கதை, டீச்சர் திட்டிய கதை எல்லாம் கொட்டுவாள். நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். போனை வைத்ததும் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

பொங்கல் கழிந்து ஒருநாள், கிழிந்த கூடாரங்களைத் தைக்கக் கொடுக்க நான் விழுப்புரம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அமீர் பாய் நின்றுகொண்டிருந்தார். போலீஸ் சான்றிதழுக்கு அலைந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்தச் சான்றிதழ் எதற்கு என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுக்குத்தான்.

டீயை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றோம்.

"பழைய கம்பெனியே கூப்புடுறாங்கம்மா. விசா வந்துடுச்சி. சீசன் முடிஞ்சதும் கிளம்புறேன்."

"ஏன் பாய்? இங்க நல்லாத்தான போய்க்கினு இருக்கு?"

"எங்க நல்லா போய்க்கினு இருக்கு? ஜுலைகாவும் போகச் சொல்றா, அவ சொல்றதும் நாயந்தான். ஆனா நான் அதுக்காவ போவல." டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "வூட்ல நான் இருந்தா அந்தப் புள்ளைக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கு. போன்லதான் நான் அவளுக்கு வாப்பா. அங்க போயிட்டாலாவது எங்கிட்ட பேசுவா."

"வயசுப் பொண்ணு. கொஞ்சம் டைம் குடுங்க பாய்."

"ஒரு வருசத்துக்கு மேல குடுத்துட்டேன்."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேசிப் பேசி இறக்குகிற மனிதனுக்குச் சொந்த வீட்டில் ஒரு வார்த்தைக்குப் பஞ்சம். வேண்டுமென்றே கூட இரண்டு வடை வாங்கித் தின்னச் சொன்னேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

தை மாதக் கடைசியில் நிலோஃபரின் பள்ளி முகாமுக்கு வந்தது. அவள் வருவதை வீட்டில் ஜுலைகாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸிலிருந்து மகள் இறங்குவதைப் பார்த்ததும் பாய் கையிலிருந்த கயிற்றுச் சுருளைப் போட்டுவிட்டு ஓடினார். அவளோ வரிசையை விட்டு நகராமல், மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து, "குட் மார்னிங் சார்" என்றாள். ஜெகதீசன் சத்தமாகச் சிரித்துவிட்டான். பிறகு பாயின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் பாறை இறக்கம். நிலோஃபர் வரிசையில் எல்லோருக்கும் வழிவிட்டு வழிவிட்டுக் கடைசிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கயிற்றை மாட்டும்போது பார்த்தேன். பயந்த பெண்ணாகத் தெரியவில்லை. விளிம்புக்கு வந்து, நான் சொன்னபடி முதுகைச் சாய்த்து, முதல் அடியும் வைத்துவிட்டாள். கீழேயிருந்து குரல் வந்தது.

"நிலோ, கீழ பாக்காத. வாப்பா குரல மட்டும் புடிச்சிக்கோ. வலது காலு... ஜல்தி இல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் நின்றுவிட்டாள். பிறகு கையை ஊன்றி மேலே ஏறிவந்து, என் காலடியில் பாறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் அவள் பட்டையை மேலே இருந்த கொக்கியில் மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"இல்ல மிஸ். அவரப் பேச வேணாம்னு சொல்லுங்க."

கீழே குரல் நிற்கவில்லை. மகள் பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் இன்னும் கனிவாக, இன்னும் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார். அவள் இரண்டு காதையும் ஹெல்மெட்டுக்கு மேலேயே பொத்திக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்ச வந்தப்பவும் இப்படித்தான் மிஸ். கண்ணத் தொற, மாத்திரையப் போடு, நான் இங்கதான் இருக்கேன்னு. எங்க இருந்தாரு?"

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. விளிம்புக்குப் போய், "பாய், பேசினது போதும். மேல வாங்க!" என்று கத்தினேன்.

எங்கள் வேலையில் கயிறு பிடிப்பவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. அவரும் நகர்ந்ததே கிடையாது. அன்று கயிற்றைப் பக்கத்தில் நின்ற ஜெகதீசன் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கப் பாதையில் ஓடிவந்தார். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது போலிருக்கிறது, ஒற்றைக் காலில் மட்டும் இருந்தது. மூச்சு வாங்க வாங்க வாயைத் திறந்தவரிடம், பேசாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவம், கையை எங்கே வைப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. தன் முழங்கால் மேலேயே வைத்துக்கொண்டார்.

காத்திருந்த பிள்ளைகள் சலசலத்தார்கள். அவர்களோடு வந்த ஆசிரியை செல்ஃபி எடுப்பதை நிறுத்திவிட்டு, "எனி ப்ராப்ளம்?" என்றார். ஒன்றும் இல்லை, அப்படி ஓரமாக நில்லுங்கள் என்றேன்.

நிலோஃபர் அவரைப் பார்க்காமல் எதிரே இருந்த குன்றைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"விசா வந்துடுச்சின்னு உம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா."

"ஏன் வாப்பா?"

"நீதான் எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறியே, ராஜாத்தி."

அவள் அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு லீவுலயும் நான் உங்ககிட்ட பேசிப் பழகினதும் கிளம்பிடுவீங்க. மூணாங்கிளாஸ்லயும் அப்படித்தான், அஞ்சாங்கிளாஸ்லயும் அப்படித்தான். அதான் இந்த வாட்டி பேசாமயே இருந்தேன். பேசாம இருந்தா இருப்பீங்கன்னு. நான் பேசவே இல்லையே வாப்பா, அப்புறம் ஏன் போறீங்க?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கனவே மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். இத்தனை நாளும் அந்த வீட்டில் ஒருத்தி தகப்பனைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். அவரோ தன்னைத் துரத்துகிறாள் என்று நினைத்திருக்கிறார். அவள் பிடிக்கப் பிடிக்க அவர் விலகியிருக்கிறார்.

அமீர் பாய் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, வேர்வையில் ஒட்டியிருந்த முடியைத் தன் தோள்துண்டால் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "கலை, மத்த புள்ளைங்கள அனுப்பும்மா. நாங்க இப்படி உக்காந்திருக்கோம்" என்றார். அவள் கயிற்றைக் கழற்றி அடுத்த பிள்ளைக்கு மாட்டினேன். கீழே ஜெகதீசன் பிடித்தான். அவனுக்குக் குரல் போதாது, ஆனாலும் எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். அப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரும்பாலும் அவள்தான் பேசினாள் என்பது மட்டும் தெரிந்தது. நிலோஃபர் அன்று பாறை இறங்கவில்லை. இருவரும் பின்பக்கப் பாதையில் நடந்தே இறங்கினார்கள். நடுவழியில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

அமீர் பாய் வளைகுடாவுக்குப் போகவில்லை. ஜுலைகா அக்கா இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கரண்டு பில்லையும் பள்ளிக்கூட ஃபீஸையும் பாசத்தால் கட்ட முடியாது என்கிறார். அதையும் மறுக்க முடியாது. செருப்புக் கடையோடு, புதுச்சேரியில் பெரிய கடைகளுக்குக் கண்ணாடி கழுவும் வேலையும் பிடித்திருக்கிறார் பாய். அடுத்த மார்கழி பிறந்ததும் முகாமுக்கு வந்துவிட்டார். பாறைக்குக் கீழே நின்று இப்போதும் பேசித்தான் இறக்குகிறார். ஆனால் ஒரு பிள்ளை உட்கார்ந்துவிட்டால் முதல் ஆளாக மேலே ஓடி வருகிறார். கயிற்றை வாங்கிக்கொள்ள ஜெகதீசன் தயாராக நிற்கிறான்.

சாயங்காலம் முகாமிலிருந்து பழக்கதோஷத்தில் மகளுக்குப் போன் போடுகிறார். "சாப்ட்டியாம்மா?" என்று ஆரம்பிப்பார். "வீட்டுக்கு வந்து கேளுங்க வாப்பா" என்று அவள் வைத்துவிடுகிறாள்.