புது போர்த் தண்ணீரில் ஊலாங்

திருச்செங்கோடு பக்கம் நண்பரின் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். நேற்று இந்த வீட்டு உப்புத் தண்ணீரில் நான் போட்ட ஊலாங் என்ற சீனத் தேநீர் கறுத்துக் கலங்கி, மேலே ஆடை கட்டியது. இன்று காலை அக்கா ஒரு சொம்போடு வருகிறார். அவர்கள் வயற்காட்டில் புதிதாகப் போட்ட போர்வெல்லின் தண்ணீர். இதுவும் உப்பாகத்தான் இருக்கும் என்று அவர் கணவர், குடிக்க நல்ல தண்ணீர் இல்லாத மாடுகளை விற்கச் சந்தைக்கு ஏற்றிப் போய்விட்டார்.

"எனக்கு இனிக்குதுங்க. ஆசையில அப்படித் தோணுதோ என்னமோ. உங்க டீயைப் போட்டுப் பாருங்க."

சுருண்ட இலைகள் மெல்ல விரிகின்றன. பூ வாசம் வருகிறது. இளமஞ்சள் தேநீரில் கண்ணாடி டம்ளரின் அடி தெரிகிறது. ஒரு வாய் குடிக்கிறேன்.

"உப்பே இல்லைங்கக்கா."

அக்கா டம்ளரைத் தொடவே இல்லை. போனை எடுக்கிறார்.

"ஏனுங்க, மாட்டை வித்துறாதீங்க. ஊட்டுக்கே ஏத்திட்டு வாங்க."